இரண்டு நிமிடமும் ஓர் ஆள் கூடுதலும்: மேப்பிள் லீஃப்ஸ் அணியுடன் 25 ஆண்டுகள்

கடந்த வாரம் வேலையிடத்து நண்பர் ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டார். அவருடைய ஒன்பது வயது மகன் இந்த மாரியில் ஐஸ் ஹொக்கி பழகத் தொடங்குகிறான். அவனுக்கு ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் சட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்து, அந்த அணியையே பிடித்துக்கொள்ளச் சொல்லலாமா என்பதுதான் கேள்வி. அந்த அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் மிச் மார்னர் 2025 கோடையில் லாஸ் வேகஸ் அணிக்குப் போய்விட்டதால், அவருடைய பெயரும் 16 என்ற இலக்கமும் பொறித்த சட்டைகள் ஒரு கடையில் பாதி விலைக்குத் தொங்குகின்றன என்றும் சொன்னார். உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பத்து வயதில் இந்த ஊருக்கு வந்து இறங்கியதிலிருந்து 25 ஆண்டுகளாக இந்த அணியுடன் வாழ்ந்திருக்கிறேன்; அந்த அனுபவத்தை ஒழுங்காக எழுதிப் பார்த்தால்தான் நேர்மையான பதில் கிடைக்கும் என்று தோன்றியது.

1967 க்குப் பிறகு லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணம் கிடைக்கவில்லை என்பதை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. 32 அணிகள் மோதும் லீக்கில் நல்ல அணிக்கும் கிண்ணம் கிடைக்காமல் போகலாம். அதை நான் ஏற்றுக்கொண்டு பல காலம் ஆகிறது. என்னுடைய முறைப்பாடு ஒன்றே ஒன்றுதான். எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே போய் அமர்ந்திருக்கும் அந்த இரண்டு நிமிடங்களில், ஓர் ஆள் கூடுதலாக வைத்துக்கொண்டு, பருவ முடிவில் கிண்ணத்துக்காக ஆடும் பிளே ஓஃப் காலத்தில் இந்த அணி செய்வதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்த இரண்டு நிமிடங்களுக்குப் பெயர் பவர் ப்ளே. எங்கள் வீட்டில் அது எப்படிப் பார்க்கப்படும் என்பதைச் சொல்ல வேண்டும். நாங்கள் அப்போது ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்த என்னுடைய அப்பாவுக்கு இந்த விளையாட்டின் விதிகளில் பாதி இன்னும் புரியாது. பக் என்று சொல்லப்படும், வட்டாக ஓடும் அந்தக் கறுப்பு ரப்பரை இன்றைக்கும் பந்து என்றுதான் சொல்வார். ஆனால் ஐந்து பேருக்கு எதிராக நான்கு பேர் என்ற கணக்கு அவருக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. நடுவர் கையைத் தூக்கியதும் அப்பா தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, கதிரையின் விளிம்புக்கு வந்து, முழங்கால்களில் கைகளை ஊன்றிக்கொள்வார். வலது பக்கம் நிற்பவர் இடது பக்கம் நிற்பவருக்குக் கொடுப்பார். அவர் பின்னால் நிற்பவருக்குக் கொடுப்பார். பின்னால் நிற்பவர் மறுபடி வலது பக்கத்துக்குக் கொடுப்பார். "அடியடா தம்பி, அடி" என்று அப்பா கத்துவார். திரையில், ஒலிவாங்கிக்குள் கலந்து, மைதானத்தில் இருக்கும் பல்லாயிரம் பேரும் அதையே ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். இரண்டு நிமிடம் முடிந்து அப்பா கோப்பையைத் திரும்ப எடுக்கும்போது தேநீரில் ஆடை படிந்திருக்கும்.

அந்த "அடி" என்ற சொல் விளையாட்டு தெரியாதவரின் பொறுமையின்மை என்று நான் பதின்ம வயதில் நினைத்ததுண்டு. இன்று அப்படி நினைக்கவில்லை. இரண்டு நிமிடம் என்பது காகிதத்தில் 120 விநாடிகள். பக்கைத் தன் எல்லையிலிருந்து மேலே கொண்டுவந்து, நடுவழியில் பின்னால் வருபவருக்கு விட்டுக்கொடுத்து, எதிரணியின் எல்லை தொடங்கும் நீலக்கோட்டைத் தாண்டி ஒழுங்காக நிலைகொள்வதற்கே இருபது, முப்பது விநாடிகள் போய்விடுகின்றன. அந்த முயற்சி ஒருமுறை தவறினால், எதிரணி அதை மறுமுனைவரை அடித்து விரட்டிவிடும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மிஞ்சிய நேரத்தில் நான்கு தடுப்பாட்டக்காரர்களும் கோலின் முன்னால் சதுரமாகச் சுருங்கி நின்றுவிடுகிறார்கள். சதுரத்துக்கு வெளியே எத்தனை அழகாகப் பரிமாறினாலும், கோல் காப்பாளரின் பார்வையை மறைக்க முன்னால் ஒருவர் நிற்காவிட்டால், எவரும் அடிக்கத் துணியாவிட்டால், அந்தப் பரிமாற்றங்களால் ஒரு பயனும் இல்லை. பிளே ஓஃப் தொடரில் ஒரே எதிரணி ஏழு ஆட்டங்கள்வரை தொடர்ந்து உங்களைப் பார்க்கும்போது, உங்கள் பரிமாற்றப் பாதைகள் அனைத்தும் மூன்றாவது ஆட்டத்துக்குள் அவர்களுக்கு மனப்பாடமாகிவிடும்.

2021 இல் மொன்றியலுடனான தொடரில் 3–1 என்று முன்னிலை பெற்றிருந்தும் தோற்றபோது, 23 பவர் ப்ளே வாய்ப்புகளில் மூன்று கோல்கள். 2024 இல் பொஸ்டனுடன் ஏழு ஆட்டங்கள் ஆடி, கடைசி ஆட்டத்தில் மேலதிக நேரத்தில் 2–1 என்று தோற்றபோது, 21 வாய்ப்புகளில் ஒரே ஒரு கோல். ஏழாவது ஆட்டத்தையே மேலதிக நேரத்துக்குக் கொண்டுபோன ஒரு தொடரில் அந்த 21 இல் இன்னும் இரண்டு விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் எத்தனையோ இரவுகள் யோசித்திருக்கிறேன். இதில் மனத்தை அறுப்பது என்னவென்றால், இது திறமை இல்லாத அணி அன்று. 2021–22 பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் இதே பவர் ப்ளே 27.3 சதவீத வெற்றியுடன் லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தது. நவம்பரில் செய்ய முடிவதை மே மாதத்தில் செய்ய முடியாமல் போகிறது.

அடிக்கத் தயங்குவது பவர் ப்ளேயுடன் நின்றுவிடும் நோயும் அன்று. 2020 பெப்ரவரி 22 அன்று எங்களுடன் ஆடிய கரோலைனா அணியின் இரு கோல் காப்பாளர்களும் காயமடைந்ததால், டேவிட் ஏர்ஸ் என்ற 42 வயதுக்காரர், பனித்தளத்தைச் சீர்செய்யும் வாகனம் ஓட்டி வந்தவர், அவசரக் காப்பாளராகக் கோலுக்கு முன்னால் வந்து நின்றார். முதல் இரண்டு அடிகளும் கோலாகின. அதற்குப் பிறகு எவரும் நாலாபக்கமிருந்தும் அடித்துத் தள்ளியிருக்க வேண்டும். ஏறத்தாழ 29 நிமிடங்களில் அவரை நோக்கிப் போனவை மொத்தம் பத்து அடிகள். எட்டை அவர் தடுத்தார். கரோலைனா 6–3 என்று வென்றது. அந்த மனிதரின் இரவை நான் மனமார வாழ்த்துகிறேன். ஆனால் பத்து அடிகள் என்ற எண்ணை மன்னிக்க என்னால் முடியவில்லை. அன்று அப்பா கத்தவும் இல்லை.

இனி நியாயமாகவும் பேச வேண்டும். எங்கள் அணியின் ஓஸ்டன் மத்தியூஸ் அடிப்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அடிப்பதற்குச் சற்று முன்னர் அவர் மட்டையின் நுனியால் பக்கைத் தன் காலடிப் பக்கமாக ஓர் அடி தூரம் இழுப்பார். அதனால் அது புறப்படும் கோணமே மாறிவிடும். தடுக்க நீட்டிய மட்டையையும் காப்பாளரின் கணிப்பையும் ஒரே நேரத்தில் கடந்து வலைக்குள் போய்விடும். 2016 இல் தம் முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல்கள் அடித்தவர், 2023–24 பருவத்தில் 69 அடித்தார். செவ்வாய்க்கிழமை இரவு ஒன்றில், வேலை முடித்துக் களைத்துப்போய் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு அதைவிட நல்ல பரிசு இந்த ஊரில் இல்லை. 2024 தொடரிலும் அவர் இரண்டு ஆட்டங்களில் ஆட முடியாமல் இருந்தார். வில்லியம் நைலாண்டர் முதல் மூன்றில் இல்லை. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மார்னர் போகும்போது பலர் ஏசினார்கள். ஒன்பது பருவங்கள் அவர் கொடுத்த பாஸ்களை ரசித்துவிட்டு நான் ஏச மாட்டேன்.

வானொலியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கடந்த சில ஆண்டுகளாக இரவு வேலைக்குப் போகும் வழியில் 401 நெடுஞ்சாலையில்தான் பாதி ஆட்டங்களை அனுபவிக்கிறேன். 1982 இல் இந்த அணியின் ஆட்டங்களை வர்ணிக்கத் தொடங்கிய ஜோ போவனின் குரலில், பக் கம்பத்தில் மோதும் ஓசையும் கூட்டத்தின் மூச்சும் சேர்ந்து வரும்போது, திரையில் பார்த்ததைவிடத் தெளிவாக ஆட்டம் கண்ணுக்குள் விரியும். நான் எதிர்பாராமல் பெற்ற நன்மை இது. பவர் ப்ளேயையும் வானொலியில் கேட்பதே மேல். யார் எங்கே வெறுமையாக நிற்கிறார் என்பது கண்ணில் படாததால் கோபம் கொஞ்சம் குறைகிறது.

வெற்றிகளும் இல்லாமல் இல்லை. 2004 ஏப்ரலில் ஒட்டாவாவுடனான ஏழாவது ஆட்டத்தில் எங்கள் ஜோ நியூவென்டைக் இரண்டு கோல்கள் அடித்தபோது நான் நிலக்கீழ்த் தளத்துக் கம்பளத்தில் குப்புறப் படுத்திருந்தேன்; எனக்கு 14 வயது. இந்த அணி அடுத்து ஒரு பிளே ஓஃப் தொடரை வெல்வதைப் பார்க்க 19 ஆண்டுகள் ஆகின. 2023 ஏப்ரல் 29 அன்று தம்பா அணியின் மைதானத்தில் மேலதிக நேரத்தில் ஜோன் தவாரெஸ் அடித்த கோல், தடுக்க வந்தவரில் பட்டுத் திசைமாறி உள்ளே போனது. அழகான கோல் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். கோலை நோக்கி அடித்தார், போனது. அன்றிரவு அப்பா என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அடிச்சால்தானே போகும்" என்று மட்டும் சொன்னார்.

2025 வசந்தத்தில் அது அணிக்கும் விளங்கிவிட்டது என்று நம்பினேன். ஒட்டாவாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஆறு பவர் ப்ளே வாய்ப்புகளில் மூன்று கோல்கள். 6–2 என்று வெற்றி. தடுப்பாட்டக்காரர் இல்லாமல் ஐந்து முன்வரிசை ஆட்டக்காரர்களை இறக்கி, கோல் வாசலில் மத்தியூ நைஸை நிறுத்தியபோது, இத்தனை ஆண்டுகள் நான் கேட்டது கிடைத்துவிட்டது போலிருந்தது. தொடரையும் வென்றார்கள். அடுத்து ஃபுளோரிடாவுடன் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றார்கள். பிறகு நடந்ததும் எல்லோருக்கும் தெரியும்: சொந்த மைதானத்தில் ஐந்தாவது ஆட்டம் 6–1, ஏழாவது ஆட்டமும் 6–1. 2018 முதல் ஏழாவது ஆட்டத்தில் இது ஆறாவது தோல்வி. மே 18 அன்று ஆட்டம் முடிவதற்கு முன்னரே அப்பா எழுந்து படுக்கப் போய்விட்டார். 25 ஆண்டுகளில் அவர் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

ஆகவே நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். மத்தியூஸின் அடி, போவனின் குரல், பனிக்கால இரவுகளில் ஒரு நகரமே ஒன்றைப் பற்றிப் பேசும் அந்த உணர்வு என மேலே நான் எழுதியவை எல்லாம் உண்மை. அவற்றில் ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. இருந்தாலும் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று கதிரை விளிம்பில் அமர்ந்து, ஓர் ஆள் கூடுதலாக இருந்தும் அடிக்காதவர்களைப் பார்த்து, அப்பாவின் அந்தச் சொல்லைக் கத்திப் பழகுவதை என்னால் பரிந்துரைக்க முடியாது. ஹொக்கி பழகட்டும், பிடித்துக்கொள்ள வேறு 31 அணிகள் இருக்கின்றன. சட்டையை ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள். 2025 ஒக்டோபர் 8 ஆம் திகதி மொன்றியலுடன் பருவத்தின் முதல் ஆட்டம்; அப்பா வீட்டில்தான் பார்க்கிறோம், பையனையும் கூட்டிக்கொண்டு ஏழு மணிக்கு முன்னர் வந்துவிடுங்கள்.