"எல்லா ஃபைபரும் ஒண்ணுதான் சார்!"

போன வாரம், நானே கட்டிய கயாக்கை (துடுப்புப் போடும் சின்னப் படகு) கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். குடியாத்தத்திலிருந்து தெரிந்த தம்பி ஒருவன் கூப்பிட்டான். "ணா, நானும் ஒண்ணு கட்டப் போறேன். மேல போடற ஃபைபர் துணி எது வாங்கறது?" கையில் உப்புத்தாள், கழுத்தெல்லாம் கண்ணாடித் தூள், ஒரே அரிப்பு. அப்போது அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கொஞ்சம் ஆறியபிறகு எழுதுகிறேன்.

படகு 14 அடி. 4 மி.மீ. மரைன் பிளைவுட், செம்புக் கம்பியால் தைத்து எபாக்ஸியில் ஒட்டியது. எபாக்ஸி என்றால் ரெசினோடு ஹார்டனர் என்ற இன்னொரு திரவத்தைக் கலந்ததும் இறுகிப்போகும் பசை. காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கட்டினேன். இரண்டு மழைக்காலம் ஓடியிருக்கிறது, பெரும்பாலும் காவேரிப்பாக்கம் ஏரியில். பாலாற்றில் விட்டீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். ஒன்று, வெறும் மணலாகக் கிடக்கும். இல்லையென்றால் 2021 நவம்பர் மாதிரி வந்து ஊரையே மிரட்டும். அம்மா இன்னும் கேட்கிறாள்: "தண்ணியே இல்லாத ஊர்ல உனக்கு இன்னாத்துக்குடா படகு?"

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் போட்டது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள, கண்ணாடி இழையில் நெய்த துணி, சென்னையிலிருந்து வரவழைத்தது. அருமையான பொருள். மரத்தின் மேல் விரித்து, நடுவில் ரெசினை ஊற்றி, பட்டித் தகட்டால் ஓரத்தை நோக்கி மெதுவாகத் தள்ளினால், மழையில் நனைந்த மல்லு வேட்டி போல வெள்ளை மறைந்து அடியில் இருக்கும் மரத்தின் ரேகை தெரியும். முதல் தடவை பார்த்தபோது வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். துணியின் எடை எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு ரெசின் போதும். அதற்கு மேல் ஊற்றினால் துணி மிதக்கும், படகுதான் கனக்கும். ஏரிக்கரைக் கல்லில் எத்தனையோ முறை இழுத்திருக்கிறேன். வார்னிஷ் கீறியதே தவிர துணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கோளாறு அடிவரம்பில், அதாவது படகின் அடியில் நடுவே நீளமாக ஓடும் விளிம்பில். அங்கே இன்னொரு அடுக்கு வேண்டும், கையிலிருந்த துணி போதவில்லை. சென்னைப் பார்சலுக்கு யார் காத்திருப்பது என்று உள்ளூரில் தண்ணீர்த் தொட்டி, கார் பம்பர் செய்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். துணி இல்லை, மேட் இருக்கிறது என்றார். எபாக்ஸிக்கு ஆகுமா என்று வாயைத் திறந்து கேட்டேன். "எல்லா ஃபைபரும் ஒண்ணுதான் சார்!"

ஒன்று இல்லை ஐயா. மேட் என்பது நெய்தது கிடையாது. விரல் நீள இழைகளை வெட்டித் தூவி, ஒரு பசையால் சேர்த்துப் பிடித்திருப்பது. அந்தப் பசை, தொட்டி, பம்பர் வேலைக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்துபோகும். அதனால்தான் தொட்டி வேலையில் மேட் மெழுகு மாதிரி இளகிப் படிகிறது. எபாக்ஸியில் ஸ்டைரீனே கிடையாது. பசை கரையாது, மேட் விறைப்பாகவே நிற்கும், வளைவில் உட்காராது. நான் அமுக்க அமுக்க அது எழுந்தது. ரெசினை மட்டும் குடம் குடமாகக் குடித்தது. மறுநாள் பார்த்தால் பாயசத்தில் சேமியா போல வெள்ளை வெள்ளையாக இழைகள். மேலே பெயின்ட் அடித்து மறைத்தேன். அங்கேதான் என் புத்தி.

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வருடம் கல்லில் பெயின்ட் தேய்ந்து இழை வெளியே வந்தது. அந்த இழை வழியாகத் தண்ணீர் ஏறி, பிளைவுட் ஒரு முழ நீளத்துக்குக் கறுத்துவிட்டது. தெரிந்த பம்பர் வேலைக்காரர் பாலியெஸ்டரில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். பழைய எபாக்ஸி மேல் அது பிடிக்கவில்லை. பிளேடை விட்டு நெம்பியதும் அப்பளம் போல முழுசாக வந்தது. கடைசியில் ஹீட் கன் வைத்து மேட்டையெல்லாம் உரித்து, இரண்டு வாரம் காயவைத்து, நெய்த துணியையே போட்டேன். அந்த வேலைக்கு நடுவில்தான் தம்பியின் போன்.

கடைக்காரரையே திட்டுவதும் நியாயமில்லை. அவர் நாளெல்லாம் பார்ப்பது பாலியெஸ்டர். உதவிக்கு வந்த பையனும் அதே பழக்கத்தில், சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றப் பார்த்தான். எபாக்ஸியில் அது நடக்காது. டப்பாவில் போட்டிருக்கிற அளவுதான், தராசில் வைத்து. கூட்டினாலும் குறைத்தாலும் சரியாக இறுகாது.

தம்பி, நம்ம ஊர் வெயிலுக்கு ஒன்று. காலை ஏழு மணிக்குக் குளுமையாக இருக்கிறதே என்று ஆரம்பிக்காதே. வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், துணிக்கடியில் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். சாயங்காலம் மரம் ஆறத் தொடங்கும்போது பூசு. கலந்த ரெசினைக் கப்பிலேயே வைத்திருக்காமல் அகலத் தட்டில் பரப்பு. கப்பில் விட்டேன், கத்திரி வெயிலில் புகை வந்தது. துணியை மடித்து அனுப்பச் சொல்லாதே, உருளையில் சுற்றி வாங்கு. மடிப்புத் தடம் கடைசிவரை தெரியும். முடிந்ததும் வெயில் தாங்கும் வார்னிஷோ பெயின்ட்டோ அடித்துவிடு, எபாக்ஸிக்கு வெயில் ஆகாது.

என் முடிவா? துணிக்குக் குறையே சொல்ல முடியாது. ஆனால் அடுத்த படகு கட்டினால் இணைப்புகளுக்கு மட்டும் துணிப் பட்டை ஒட்டிவிட்டு, மிச்சத்துக்குப் பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விடுவேன். இந்த அரிப்பு எனக்கு வேண்டாம். நீ துணியே போடு தம்பி, 200 கிராம். மேட் மீதி ஒரு சுருள் மாடியில் கிடக்கிறது. வீட்டில் ஒழுகுகிற தொட்டி ஏதாவது இருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போ.