உறவினரை அறிமுகப்படுத்த ஒரு ஸ்பானியப் பாடம்: மதிப்புரை

இணையத்தில் ஸ்பானிய மொழி கற்பிக்கும் ஒரு காணொளித் தொடரில், குடும்பத்தினரை அறிமுகப்படுத்தும் பாடத்தை அண்மையில் முடித்தேன். உறவுச் சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொல்லாமல், தொடக்கத்திலிருந்தே முழு வாக்கியமாகப் பேசவைப்பதுதான் இதன் பெரிய பலம். தம்பியைக் காட்டி ‘எஸ்தே எஸ் மி எர்மானோ’ என்றும், தங்கையைக் காட்டி ‘எஸ்தா எஸ் மி எர்மானா’ என்றும், பெற்றோரைக் காட்டி ‘எஸ்தோஸ் சோன் மிஸ் பாத்ரேஸ்’ என்றும் சொல்லச் சொல்ல, பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்பச் சுட்டுச்சொல் மாறுவது காதிலேயே பதிந்துவிடுகிறது.

உச்சரிப்பிலும் அக்கறை தெரிகிறது. மகளைக் குறிக்கும் ‘ஈஹா’ என்ற சொல்லில், முதலில் எழுதப்படும் ஹெச் ஒலிப்பதே இல்லை. நடுவிலுள்ள ஜே என்ற எழுத்துதான் தொண்டையிலிருந்து ஹகரம்போல் எழுகிறது. அப்பாவை அழைக்கும் ‘பபா’வில் அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும், முதல் அசைக்கு மாறினால், லத்தீன் அமெரிக்காவில் அது உருளைக்கிழங்காகிவிடும். இவற்றை ஆசிரியர் நிதானமாகச் சொல்லிக்காட்டுவது மிகவும் உதவியது.

பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் ‘தியோ’ என்ற ஒரே சொல்லில் அடங்குவதும், அண்ணன் என்பதற்கு ‘எர்மானோ மயோர்’ என்று அடைமொழி சேர்க்க வேண்டியிருப்பதும் தமிழருக்குச் சற்று வியப்பாக இருக்கலாம்.

என் குறையெல்லாம் ‘தே பிரெசென்தோ ஆ மி மாத்ரே’ என்ற வாக்கியத்தைப் பற்றியது. ‘உனக்கு என் அம்மாவை அறிமுகப்படுத்துகிறேன்’ என்னும் இதில் அந்த ‘ஆ’ எதற்கு வருகிறது என்பதைப் பாடம் விளக்காமலே கடந்துவிடுகிறது. வீடு பார்த்தேன் என்று உருபில்லாமல் சொல்லும் நாம், அம்மா பார்த்தேன் என்று சொல்வதில்லை, அம்மாவைப் பார்த்தேன் என்றே சொல்கிறோம். ஸ்பானிய மொழியிலும் செயப்படுபொருள் குறிப்பிட்ட ஒரு மனிதராக இருந்தால் பொதுவாக அந்த ‘ஆ’ முன்னால் வந்து நிற்கிறது. இரண்டாம் வேற்றுமையை அறிந்த எவருக்கும் இதை இரண்டே நிமிடங்களில் புரியவைத்திருக்கலாம்.

மேலும், ‘தே’ என்பது நீ என்று அழைக்கத்தக்கவரிடம் மட்டுமே பொருந்தும்; மரியாதைக்குரியவரிடம் ‘லே பிரெசென்தோ’ என்று தொடங்க வேண்டும். பெற்றோரை மேலதிகாரிக்கோ ஆசிரியருக்கோ அறிமுகப்படுத்தும் தருணத்தில்தான் இது மிகுதியும் தேவைப்படும் என்பதால், அடுத்த பதிப்பில் இதையும் சேர்க்கும்படி பாடத்தை நடத்துவோருக்கு எழுதியிருக்கிறேன்.