மணிக்கூண்டுக்கு மேற்கே: சென்னைப் பல்கலைக்கழக நூலகமும் அக்கம்பக்கமும்

காமராஜர் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் அந்த மணிக்கூண்டைப் பார்த்திருப்பார்கள். அதன் கீழே இருப்பது நூலகம் என்று தெரிந்தவர்கள் குறைவு. ஆய்வு மாணவனாக உள்ளே நுழைந்து, வேலைக்குப் போன பிறகும் விடாமல் வந்துகொண்டிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே ஒரு புத்தகத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வராதீர்கள்.

காரணம் எஸ்.ஆர். அரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர், 1924-இல் இந்த நூலகத்தின் பொறுப்புக்கு வந்து இருபது ஆண்டுகள் இருந்தார். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இலும், புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் கோலன் பகுப்பு முறையை 1933-இலும் வெளியிட்டது அந்தக் காலத்தில்தான். இன்றைய கட்டடம் 1936-இல் திறக்கப்பட்டதும் அவர் இருந்தபோதுதான். பழைய புத்தகங்களின் முதுகில் இருக்கும் அவருடைய எண்கள் முதலில் மிரட்டும். ஆங்கில எழுத்து ‘ஓ’ என்றால் இலக்கியம். ஒட்டி 31 வந்தால் தமிழ். அடுத்த குறியைத் தாண்டி 1 என்றால் கவிதை, 2 என்றால் நாடகம், 3 என்றால் புனைகதை. இவ்வளவு தெரிந்தால் போதும், அலமாரி பேச ஆரம்பித்துவிடும். மூல நூலுக்கு அடுத்தே அதைப் பற்றிய திறனாய்வு வந்து நிற்கும்படி போட்ட கணக்கு அது. கணினியில் தலைப்பைத் தட்டி, எண்ணைக் குறித்து, எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இந்தச் சுகம் கிடைப்பதில்லை.

கடற்கரையை ஒட்டிய இடம் என்பதால் உப்புக் காற்றும் ஈரப்பதமும் பழைய தாளுக்கு எமன். நூறு வருடத் தாள் முனையை மடித்தால் ஒடிந்து கையோடு வந்துவிடும். படம் எடுப்பதற்காகப் புத்தகத்தை மல்லாத்தி உள்ளங்கையால் அழுத்துகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரு பக்கமும் எதையாவது முட்டுக்கொடுத்துப் பாதி திறந்து படித்தால் என்ன குறைந்துவிடும்?

கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் எல்லோரும் ராமானுஜனைப் பற்றிக் கேட்பார்கள். துறைமுகத்தில் எழுத்தராக இருந்த அவருக்கு 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது இந்தப் பல்கலைக்கழகம். அவருடைய அசல் நோட்டுப் புத்தகங்கள் இந்த நூலகத்தின் பாதுகாப்பில்தான் இருக்கின்றன. போகிற போக்கில் கேட்டு வாங்கிப் புரட்டும் பொருள் அல்ல அவை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957-இல் வெளியிட்ட படிநகலைத் தேடிப் பாருங்கள். அந்தக் கையெழுத்தே போதுமான விருந்து.

மதியத்துக்கு மேல் கண் சோர்ந்தால் வெளியே வாருங்கள். எல்லோரும் கிழக்கே மெரினாவுக்குப் போவார்கள். உச்சி வெயிலில் அந்த மணலில் என்ன இருக்கிறதோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உழைப்பாளர் சிலையை மட்டும் ஒருமுறை நின்று பாருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. பாறையை நெம்பும் அந்த நால்வரின் முதுகுத் தசைகளைப் பின்பக்கம் போய்ப் பார்த்தால்தான் சிற்பியின் கை தெரியும். வளாகத்திலேயே உள்ள செனட் இல்லம், ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879-இல் கட்டி முடிக்கப்பட்டது. உள்ளே போக வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். வாலாஜா சாலைக்கு அந்தப் பக்கம் அந்தக் கால ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை.

என் வழி மேற்கே, திருவல்லிக்கேணிக்கு. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கும் வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795-இல் கருங்கல்லால் எழுந்தது. அதில் உள்ள பாரசீகக் கல்வெட்டுப் பாடலை இயற்றியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து. அங்கிருந்து பார்த்தசாரதி கோயில் நடக்கும் தூரம்தான். கோயிலுக்குப் பின்னால் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. காலையில் அவர் கவிதையைப் படித்துவிட்டு மாலையில் அந்தத் தெருவில் நடக்க, ஊரில் வேறு எந்த நூலகத்தை ஒட்டியும் முடியாது. பசித்தால் ரத்னா கஃபே. இட்லி தெரியாத அளவுக்குச் சாம்பாரை ஊற்றுவார்கள், கூச்சப்படாமல் இன்னும் கேட்கலாம்.

உறுப்பினர் அல்லாதவர்கள் அடையாள அட்டையுடன் வந்து, பார்வையிட என்ன விதி, நேரம் எது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்தில் இறங்கலாம். ஆனால் கிளம்புவதற்கு முன் கிரிக்கெட் அட்டவணையைப் பாருங்கள். ஸ்டேடியத்தில் ஆட்டம் இருக்கிற நாளில் வாலாஜா சாலை முழுக்க மஞ்சள் சட்டையாகத்தான் இருக்கும்; வீடு போய்ச் சேர இரவாகிவிடும்.