அவலோகிதம்: வெண்பா எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு

மரபுக்கவிதை எழுத ஆசைப்பட்டு, செய்யுளின் யாப்பிலக்கணம் சொல்லும் யாப்பருங்கலக்காரிகையைத் திறந்து, நாலு பக்கம் தாண்டுவதற்குள் மூடி வைத்தவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் நான் கைகாட்டுவது அவலோகிதத்தை. வினோத் ராஜன் உருவாக்கிய யாப்பு மென்பொருள், இணையத்திலேயே இருக்கிறது, காசு கிடையாது. (அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் போதிசத்துவரான அவலோகிதர் என்கிறது வீரசோழியம் என்ற பழைய இலக்கண நூல். பெயர் அங்கிருந்து வந்தது.)

பாட்டைத் தட்டச்சு செய்து கொடுத்தால் ஒவ்வொரு சீரையும் நேர், நிரை என்று அசை பிரித்து (மெய்யெழுத்தைக் கணக்கில் சேர்க்காமல் நேருக்கு ஓரெழுத்து, நிரைக்கு ஈரெழுத்து), தேமா புளிமா என்று வாய்பாடு போட்டு, சீருக்கும் சீருக்கும் நடுவில் என்ன தளை, அதாவது இணைப்பு, எதுகை மோனை எங்கே, மொத்தத்தில் இது என்ன பா என்பது வரை சொல்லிவிடும்.

வெண்பாவுக்குத்தான் இதன் அருமை தெரியும். மா என்று வாய்பாடு முடிகிற சீரை அடுத்து நிரை வர வேண்டும் (மா முன் நிரை என்பார்கள்), அதேபோல விளம் முன் நேர், காய் முன் நேர், கனிச்சீருக்கு இடமே இல்லை, கடைசி அடியில் மூன்றே சீர், முடிகிற சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். விதி என்னவோ இவ்வளவுதான், ஆனால் இத்தனையையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே எழுதினால் சொல்ல வந்த விஷயம் பாதியில் பறந்துபோகும். அந்தக் கணக்குப்பிள்ளை வேலையை இது பார்த்துக்கொள்கிறது, நமக்கு விளையாட்டு மட்டும் மிச்சம்.

சோதித்துப் பார்க்க இரண்டே அடியில் ஒரு குறள் வெண்பா எழுதினேன்:

பேருந்தில் நிற்கின்ற போதும் மனதுக்குள்
சீரெண்ணிப் பார்க்கும் சுகம்

இதில் 'சுகம்' இருந்த இடத்தில் வேண்டுமென்றே 'இன்பம்' என்று மாற்றிப் பாருங்கள். பொருள் கெடவில்லை, ஆனால் மாவுக்குப் பின்னால் நேர் வந்து, வெண்பாவுக்கு ஆகாத ஆசிரியத்தளை ஆகித் தளை தட்டுகிறது, முடிகிற சீரும் தேமாவாகிவிடுகிறது. ஒரே சொல்லில் இரண்டு ஓட்டை. திரும்ப 'சுகம்' போட்டால் 'மலர்' என்று அழகாக முடிகிறது. இப்படிச் சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற சுவாரசியத்தில் ராத்திரி நேரம் போவதே தெரியாது.

சரி, குறை? இலக்கணம்தான் பார்க்கும், கவிதை பார்க்காது. காய்கறிக் கடையில் நின்றுகொண்டே இதைச் சொல்லலாம்:

கத்தரிக்காய் வெண்டைக்காய் வாழைக்காய் பாகற்காய்
கொத்தவரை மாங்காய் பழம்

எதுகையோடு சேர்த்து அப்பழுக்கில்லாத குறள் வெண்பா! முதல் அடி முழுக்கக் காய்ச்சீர், மாங்காய் மட்டும் மாச்சீர். இதைக் கவிதை என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் இப்படி நாலு கிறுக்கல் கிறுக்கினால்தான் ஓசை காதில் ஏறும் என்பது என் அனுபவம், அதனால் குறை என்றுகூட இதைச் சொல்லத் தோன்றவில்லை.

எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். நளவெண்பாவில் ஏதாவது ஒரு பாட்டை எடுத்து ஒட்டிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்த அதே வரிதான், ஆனால் புகழேந்தி எந்த இடத்தில் காய் வைத்து ஓசையை இழுக்கிறார், எங்கே மா, விளம் என்ற இயற்சீரைப் போட்டு முடுக்குகிறார் என்று தெரிந்த பிறகு வாய்விட்டுப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. அப்புறம் எந்தப் பழைய பாட்டையும் கண்ணால் மட்டும் மேய மனசு வராது.

ஒட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடைவெளி விட்ட இடமெல்லாம் அதற்குச் சீர். எளிதாகப் படிக்கட்டும் என்று பதம் பிரித்து அச்சிட்ட புத்தகத்திலிருந்து 'கற்க கசடு அறக் கற்பவை கற்றபின்' என்று எடுத்துக் கொடுத்தால் முதல் அடியில் ஐந்து சீர் ஆகிவிடும். 'கசடறக்' என்று சேர்த்தால்தான் நாலு. வள்ளுவர் தளை தட்டிவிட்டார் என்று அவசரப்பட வேண்டாம்.

புதிதாக வருகிறவர்கள் குறள் வெண்பாவில் கை பழகிவிட்டு நாலடி நேரிசை வெண்பாவுக்குப் போங்கள். அங்கே இரண்டாம் அடி முடிவில் தனிச்சொல் எதுகையோடு வந்து உட்கார வேண்டும், அது வேறு வம்பு.