துத்தநாக ஆக்சைடு: காஸ்டிக் சோடாவா, யூரியாவா, வேப்பிலையா?

பெங்களூரில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்யும் நம் பிள்ளைகள் பலர் துத்தநாக ஆக்சைடு நானோதுகளில்தான் கை வைக்கிறார்கள். அதைத் தயாரிக்க எந்த வழி நல்லது?

காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) வழி பழசு. ஜிங்க் அசிடேட் என்ற துத்தநாக உப்பின் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளை வீழ்படிவு இறங்கும். சோடியம் போகக் கழுவுவதுதான் பெரும்பாடு. ஆனால் இன்று வந்த தூளே நாளையும் வரும்.

யூரியா வழி இந்த ஊர்ச் சரக்கு. பழைய பெங்களூர்க்காரர்கள் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில், கே.சி. பாட்டீல் குழு அலுமினிய நைட்ரேட்டையும் யூரியாவையும் 500 டிகிரி உலையில் வைத்துச் சில நிமிடங்களில் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) எடுத்தது. 1988-இல் வெளியான வேலை அது. ஜிங்க் நைட்ரேட்டுக்கும் அதே முறை செல்லும்: நுரைத்துப் பொங்கி, எரிந்து, லேசான தூளாக நிற்கும்.

அப்புறம் வேப்பிலை. அல்சூர் மார்க்கெட்டில் வாங்கினாலும் சரி, தெருவோர மரத்தில் பறித்தாலும் சரி, மழைக்கால இலையும் கோடை இலையும் ஒரே சாறு தராது. கொதிக்க வைத்து வடிகட்டி, ஜிங்க் நைட்ரேட் சேர்த்து, பசையாக வற்ற வைத்து, 400 டிகிரியில் சுடுவார்கள். நைட்ரேட் சிதையும்போது பழுப்புப் புகை கிளம்பும். ‘பசுமை’ என்று தலைப்பு வைத்த பிறகும் அது கிளம்பத்தான் செய்யும்.

சாறு துத்தநாகத்தை ‘ஒடுக்குகிறது’, அதாவது எலக்ட்ரான் கொடுக்கிறது, என்று எழுதுவதுதான் எனக்கு உறுத்தல். வெள்ளி, தங்கம் என்றால் சரி, அங்கே அயனி உலோகமாக மாற வேண்டும். துத்தநாகத்தின் ஆக்சிஜனேற்ற எண் உப்பிலும் +2, ஆக்சைடிலும் +2. எதை ஒடுக்குவது? சாற்றில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற கரிமச் சேர்மங்கள் அயனியைப் பிடித்துவைக்கும், துகள் பெருப்பதைத் தடுக்கும், உலையில் யூரியா போல எரிபொருளாகும். ஆக, இலையே இல்லாமல் வெறும் ஜிங்க் நைட்ரேட்டைச் சுட்டாலும் ஆக்சைடு வரும். அந்த ஒப்புச் சோதனையைச் செய்யாமல் இலைக்கு மாலை போடாதீர்கள்.

உலையிலிருந்து எடுக்கும்போது தூள் மஞ்சளாக இருந்தால் பதற வேண்டாம், ஆறினால் வெளுக்கும். ஆறியும் சாம்பல் நிறமென்றால் கரி தங்கியிருக்கலாம். இந்தத் தூள் ஒளியில் சாயத்தைச் சிதைக்கிறதா என்று பார்க்க மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தில் போடுவார்கள்; அந்தச் சாயத்தைக் கரி வெறுமனே உறிஞ்சிக்கொண்டாலும் ஒளி சிதைத்த மாதிரிதான் தெரியும். விளக்கைப் போடும் முன் இருட்டில் அரை மணி நேரமாவது கலக்கி, எவ்வளவு குறைந்தது என்று அளந்துகொள்ளுங்கள்.

சாயக் கழிவு வேலைக்கு என் ஓட்டு யூரியாவுக்கு. கிருமி ஒழிப்புக்கு இலையை எடுக்கலாம், ஆனால் 400 டிகிரியில் சுடாமல், சாற்றோடு காஸ்டிக் சோடாவும் விட்டு வீழ்படிவாக்கி, குறைந்த சூட்டில் உலர்த்தினால்தான் இலைச் சத்து துகள்மேல் நிற்கும். அப்போதும் வெறும் சாற்றைக் கிருமி வளர்த்த தனித் தட்டில் வைத்துப் பாருங்கள். வேம்பே கிருமியைக் கொல்லும்.