ஈறு சிகிச்சைக்குப் போன இடத்தில் சுகர் ரிப்போர்ட் கேட்டார்கள்

மதுரையில் ஒரு பல் கிளினிக். பெயர் போடவில்லை, கீழே குறையும் சொல்லப்போகிறேன்.

எனக்கு ஒன்பது வருடமாக சுகர். பல் தேய்த்துத் துப்பினால் ரத்தம் வரும், ரெண்டு வருடமாக பிரஷ் மேல் பழி போட்டு நாலு பிரஷ் மாற்றியாகிவிட்டது. முன்பு வேறோர் இடத்தில் கிளீனிங் என்று பதினைந்து நிமிடம் தேய்த்துப் பளபளவென்று அனுப்பினார்கள், சுகர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே டாக்டரம்மாவின் முதல் கேள்வியே "கடைசியா எச்பிஏ1சி எப்ப பாத்தீங்க சார்?" மூன்று மாதச் சராசரி சுகரைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை அது. செல்போனில் இருந்த ரிப்போர்ட்டைக் காட்டினேன். 8.4.

அப்புறம் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு, ஒவ்வொரு பல்லையும் ஆறு இடத்தில் அளந்தார். "மூணு, ரெண்டு, மூணு" என்று அவர் சொல்லச் சொல்ல உதவிக்கு நின்ற பெண் எழுதிக்கொண்டே வந்தார், ஏலம் கூறுவது மாதிரி. கடைவாய்ப் பக்கம் போனதும் "ஆறு, ஏழு, ரத்தம்" என்று குரல் மாறியது. மூன்று வரை பரவாயில்லையாம். அதற்கு மேல் போனால் அது ஒரு பை, உள்ளே பிரஷ் நுழையாது, கிருமி குடியிருக்கும், ஈறு எந்நேரமும் அழற்சியிலேயே இருக்கும். அதில் சுரக்கிற ஐஎல்-6, டிஎன்எஃப் போன்ற அழற்சிப் புரதங்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. சுகர் ஏறினால் ஈறும் ஆறாது, இப்படியே ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும்.

எனக்குப் பிடித்தது, "ஈறு சரியானால் சுகர் போயே போச்சு" என்று யாரும் கதை விடவில்லை. "மாத்திரைய நிறுத்திராதீங்க, அரை பாயிண்ட் குறைஞ்சாலே நல்ல விஷயம்" என்றார். வீட்டுக்கு வந்து தேடினேன், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 2022இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது) ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 பாயிண்ட் குறைவதாகச் சொல்கிறது. ஆனால் அமெரிக்காவில் 514 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளிவந்த ஆய்வில் ஆறு மாதமாகியும் எதுவும் குறையவில்லை. அங்கே ஈறே ஒழுங்காக ஆறவில்லை, பிறகு சுகர் எப்படிக் குறையும் என்று சில நிபுணர்கள் அந்த ஆய்வோடு சண்டைக்கு வந்தார்கள்.

டீப் கிளீனிங் ரெண்டு தடவையாக, மரத்துப்போக ஊசி போட்டு, பல் வேர் வரை சுரண்டினார்கள். மொத்தம் 7,000 ரூபாய். வலி இல்லை, அந்தச் சத்தம்தான் பல்லைக் கூசவைத்தது.

குறை என்னவென்றால், பத்தரைக்கு வரச்சொல்லி பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். காலையில் மாத்திரை போட்ட சுகர்காரனை இப்படி உட்கார வைக்கலாமா, கை நடுங்கி பக்கத்துக் கடையில் பிஸ்கட் வாங்கித் தின்றேன். வீக்கம் வடிந்ததும் ஈறு இறங்கி பல்லிடுக்கில் சந்து தெரியும், பச்சைத்தண்ணீர் பட்டாலே கூசும் என்பதையும் முன்கூட்டியே சொல்லவில்லை. கொடுத்த மவுத்வாஷில் பல்லும் பழுப்பாகிவிட்டது (அதற்குள் இருந்த குளோர்ஹெக்சிடின் செய்கிற வேலை, நிறுத்தியபின் சுத்தம் செய்துவிட்டார்கள்).

மூன்று மாதம் கழித்து 7.8. நடுவில் நடைப்பயிற்சியும் ஆரம்பித்திருந்தேன், அதனால் ஈறுக்கு எவ்வளவு, காலுக்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. ரத்தம் வருவது மட்டும் நின்றேவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச்சொல்லியிருக்கிறார்கள், அடுத்ததற்குக் காலை முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டேன்.