நிச்சயம் செய்து அழைப்பதா, தாலி கட்டி அழைப்பதா?

மாப்பிள்ளை அமெரிக்க சிட்டிசன், பெண் ஊரில். சம்பந்தம் முடிவானதுமே இரண்டு வீட்டிலும் ஒரு கேள்வி கிளம்பும்: கல்யாணத்துக்கு முன்பே கே-1 என்கிற ஃபியான்சே விசாவில் கூப்பிட்டுக்கொள்வதா, கல்யாணத்தை முடித்துவிட்டு சிஆர்-1 என்கிற மனைவி விசாவுக்குப் போடுவதா? பெண் சிட்டிசனாகவும் மாப்பிள்ளை ஊரிலும் இருந்தாலும் இதே கேள்விதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்மூர்க் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது வழிதான் சரி.

அதற்கு முன் ஒரு சங்கதி. கையில் கிரீன் கார்டு மட்டும் இருப்பவருக்கு இந்தத் தேர்வே கிடையாது. கே-1 சிட்டிசன்களுக்கு மட்டும். கிரீன் கார்டுக்காரர் கல்யாணம் செய்து, கிரீன் கார்டுக்காரரின் கணவன் அல்லது மனைவிக்கான எஃப்2ஏ பிரிவில் விண்ணப்பித்து, முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கே-1 சீக்கிரம் கிடைக்கும் என்று நம்பித்தான் பலர் அதில் இறங்குகிறார்கள். இப்போது இரண்டுமே பெரும்பாலும் ஒரு வருடத்தைத் தாண்டிவிடுகின்றன. கே-1 சில மாதம் முந்தினாலும், வந்து இறங்கிய பிறகு அந்த லாபம் கரைந்துவிடுகிறது. வந்த 90 நாளுக்குள் மனு போட்டவரையே மணக்க வேண்டும். அந்தக் கெடுவை நீட்டிக்க முடியாது. மணந்த பிறகு கிரீன் கார்டுக்கு ஐ-485 என்ற விண்ணப்பம் போட வேண்டும். வேலை அனுமதி தனி, வெளிநாடு போய்வரும் அனுமதி தனி. அந்தப் பயண அனுமதி வருவதற்குள் ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று விமானம் ஏறினால், ஐ-485-ஐக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். புது இடம், வேலை கிடையாது, ஊருக்கும் போக முடியாது. இந்தக் காலத்தைத் தாண்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதை விண்ணப்பம் போடும்போது யாரும் யோசிப்பதில்லை.

சிஆர்-1-இல் வருபவர் விமான நிலையத்தில் இறங்கும்போதே நிரந்தரக் குடியிருப்பாளர். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் மேல் நுழைவு முத்திரை விழுந்ததும், அந்தப் பக்கமே ஒரு வருடத்துக்குக் கிரீன் கார்டாகச் செல்லும். அட்டை பிறகு தபாலில் வரும். மறுநாளே வேலைக்குப் போகலாம், ஊருக்கும் போய்வரலாம். சிட்டிசனைக் கல்யாணம் செய்து சேர்ந்து வாழ்பவர் மூன்று வருடத்தில் குடியுரிமை கேட்கலாம் அல்லவா, அந்தக் கணக்கும் இறங்கிய அன்றே தொடங்கிவிடும். கே-1-இல் வந்தவருக்கு ஐ-485 ஒப்புதலான நாளிலிருந்துதான். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாத நிலையில் கிடைக்கும் கிரீன் கார்டு இரண்டு வழியிலும் இரண்டு வருடத்துக்கு மட்டுமே. அந்த இரண்டு வருட நிபந்தனையை நீக்க ஐ-751 என்ற மனு போட வேண்டும். அதில் வித்தியாசமில்லை.

பணத்தையும் பார்த்துவிடலாம். 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டணப்படி, கே-1-க்கு மனு 675 டாலர், விசா 265, ஐ-485-க்கு 1,440. இதுவே 2,380. வேலை அனுமதிக்கு 260, பயண அனுமதிக்கு 630 சேர்த்தால் 3,270. சிஆர்-1-க்கு ஆன்லைன் மனு 625, விசா 325, வருமான உறுதிமொழிப் பரிசீலனை 120, குடியேற்றக் கட்டணம் 235. ஆக மொத்தம் 1,305. கே-1 விசாவுக்கு அழைப்பவரிடம் அமெரிக்க வறுமைக்கோட்டு அளவில் 100 சதவீத வருமானம் இருந்தால் போதும் என்பது உண்மை. ஆனால் ஐ-485 கட்டத்தில் சிஆர்-1-க்குக் கேட்கும் அதே 125 சதவீதத்தை இங்கும் கேட்பார்கள்.

இதெல்லாம் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் பொது. நம்மவர்களுக்கென்று ஒரு சிக்கல் தனியாக இருக்கிறது. கே-1 கேட்பவர் கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும். நம் வீடுகளிலோ நிச்சயதார்த்தமே ஒரு சின்னக் கல்யாணம்: மண்டபம், தட்டு மாற்றுதல், மாலை, மோதிரம். ‘ரிஜிஸ்டர் பண்ணலையே, அப்புறம் என்ன’ என்று சிலர் தாலியும் கட்டிவிடுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இந்து திருமணச் சட்டத்தில் சடங்குதான் திருமணம், பதிவு அதற்குச் சாட்சி மட்டுமே. 2024-இல் உச்ச நீதிமன்றமும் சடங்கில்லாத பதிவு இந்துத் திருமணமாகாது என்று சொன்னது. அதற்கும் மேல், சுயமரியாதைத் திருமணத்துக்காகத் தமிழ்நாடு 1967-இல் சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, விரலில் மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ ஏதாவது ஒன்றே திருமணத்துக்குப் போதும். அப்படிப்பட்ட போட்டோக்களை நேர்காணலில் நீட்டினால், ‘உங்களுக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே’ என்று கே-1-ஐ மறுக்க அதிகாரிக்கு இடமிருக்கிறது. மறுத்துவிட்டால், மனைவி விசாவுக்கான ஐ-130 மனுவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

ஆகவே ஊரில் முறைப்படி கல்யாணத்தை முடித்து, தமிழ்நாட்டின் 2009 பதிவுச் சட்டம் சொல்கிற 90 நாளுக்குள் பதிவும் செய்து, சான்றிதழ் கைக்கு வந்ததும் ஐ-130 போடுங்கள்.

கே-1 தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள். மறுமணத்தில் பெண்ணுக்கு முதல் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு 19 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு 18 ஆவதற்குள் கல்யாணம் நடந்திருந்தால்தான் புதுத் தகப்பன் தன் பிள்ளையாக அழைக்க முடியும். கே-1-இலோ 21 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளை கூடவே வரலாம். வேறு மதத்தவரைக் காதலிப்பவர்களுக்கு ஊரில் இருக்கும் வழி சிறப்புத் திருமணச் சட்டம். அதன் 30 நாள் அறிவிப்பு அலுவலகச் சுவரில் ஒட்டப்படும், வீட்டுக்கும் தெரிந்துவிடும். உயிருக்குப் பயந்து நிற்பவர்களிடம் போய் ‘ஊரில் முடித்துவிட்டு வா’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. தன்பால் இணையர்களின் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் மறுத்துவிட்டது. இந்தியாவில் மணக்க வழியில்லாத அவர்கள் அமெரிக்கா போய் மணக்க கே-1 கதவு திறந்திருக்கிறது. கே-1 கேட்கும் யாரும் ஒன்றை மறக்கக் கூடாது: மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் இருவரும் ஒருமுறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். விமான டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை, ஹோட்டல் ரசீது என எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.